நாணயத்தாளிற் பிழையும் சிதைவும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவன் கையாளும் சான்றுகளுள் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் பெற்றுள்ள மதிப்பினைத் தாள்நாணயம் இன்னும் பெற்றிலது. கல்லும் செம்பும் நெடுங்காலம் நிலைப்பன. நாணயத்தாளோ பலர் கையிற் பட்டு நைந்து, ஈற்றில் அதனை வெளியிட்ட வங்கியினாலேயே அழிக்கப்படுவது. எனினும் ஓர் அரசின் நிதிநிலையையும், அதன் காலத்துத் தொழினுட்பத்தையும், போர்க்காலத் தட்டுப்பாட்டையும், மக்களின் அன்றாட வழக்கங்களையும் ஒருங்கே தன்னகத்துக் கொண்ட சான்று இதனைப் போல் வேறொன்றில்லை எனலாம்.

நாணயத்தாள்களைச் சேகரிப்போரின் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பவை அச்சுப்பிழை கொண்ட தாள்களாகும். தொடரிலக்கம் விடுபட்ட தாள், முத்திரை தலைகீழாக விழுந்த தாள், முன்பக்கச் சித்திரத்தின் எதிர்ப்படிவம் பின்பக்கத்தில் ஏறிய தாள் என்றிவ்வாறு பலவகைத் தாள்கள் பெருவிலைக்குக் கைமாறுகின்றன. ஆனாற் பிழைத்தாள் எனக் காட்டப்படுவனவெல்லாம் பிழைத்தாள்கள் அல்ல. சலவை நீரில் நனைந்தவை, வெயிலில் வெளிறியவை, மருந்து நீர் பட்டு நிறம் மாறியவை, அழிப்பானாலோ கத்தரிக்கோலாலோ வேண்டுமென்றே மாற்றப்பட்டவை ஆகியனவும் அவற்றோடு கலந்து வருகின்றன. இவ்விரு வகையினையும் வேறுபடுத்தி அறிவது விலை பற்றிய வினா மட்டுமன்று. பிழை அச்சகத்தில் நடந்ததொன்றைச் சொல்கிறது. சிதைவு அதன் பின்னர் நடந்ததொன்றைச் சொல்கிறது. ஒன்றின் கூற்றை மற்றதன் கூற்றாகக் கொள்பவன் வரலாற்றையே தவறாக எழுதுபவனாவான். அவ்வேறுபாட்டை அறியும் நெறியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மாணவர்க்கு இவ்வினா முற்றிலும் புதியதன்று. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே 1887இற் சீவகசிந்தாமணியை வெளிக்கொணர்ந்த உ. வே. சாமிநாதையரும் ஏடுகளை ஆராய்ந்தபொழுது எதிர்நோக்கிய வினா இதுவே. ஒரு சீர் குறைந்திருப்பின் அது ஏடெழுதினோன் விட்ட பிழையா, செல்லரித்த துளையா என்பதை முதலில் அறிந்தாலன்றித் திருத்தம் செய்தல் இயலாது. எழுதினோன் விட்டிருந்தால் ஓலையின் பரப்பு முழுமையாக இருக்கும். செல்லரித்திருந்தால் எழுத்தோடு ஓலையும் போயிருக்கும். நாணயத்தாளை ஆராய்வோனும் இந்நெறியினையே கைக்கொள்கின்றான்.

தாள் உருவாகும் முறை

பிழையை அறிய விரும்புவோன் முதற்கண் பிழையற்ற தாள் எவ்வாறு உருவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நாணயத்தாள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கு 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் கருவூலக் கட்டடத்தினுள் மிகச் சிறிய அளவிலே தொடங்கிய பணி, பின்னர்ச் செதுக்கல் அச்சிடற் பணியகமாக வளர்ந்தது. தொடக்கத்திற் தனியார் நிறுவனங்கள் அச்சிட்ட தாள்களைப் பிரித்து வெட்டுவதே அதன் வேலையாக இருந்தது. 1877 முதல் அந்நாட்டின் தாள்நாணயம் முழுவதும் அங்கேயே அச்சிடப்படலாயிற்று.

அப்பணியகம் பயன்படுத்தும் தாள் மரக்கூழாற் செய்யப்பட்டதன்று. நான்கில் மூன்று பங்கு பருத்தியும் ஒரு பங்கு லினன் நாரும் கொண்டது. பல தாள்கள் ஒரே விரிப்பில் ஒருங்கே அச்சிடப்படும். முதலிற் பின்பக்கமும், அடுத்து முன்பக்கமும் செதுக்குத் தகட்டினால் அச்சிடப்படும். தகட்டிற் குழிவாக வெட்டப்பட்ட கோடுகளில் மை நிரப்பப்பட்டு, பேரழுத்தத்தினாற் தாள் அக்குழிகளுக்குள் அமுக்கப்படுகின்றது. ஆதலால் மை தாளின் மேல் மேடாக நிற்கும். விரலாற் தடவினும் அது புலப்படும். மூன்றாம் முறையாக முத்திரைகளும் தொடரிலக்கங்களும் மேடான எழுத்துருக்களைக் கொண்டு அடிக்கப்படும். இறுதியாகவே விரிப்பு வெட்டப்படும். 1957ஆம் ஆண்டு உலர்முறை அச்சுப் புகும்வரை தாள் நனைக்கப்பட்டே செதுக்குத் தகட்டின்கீழ் வைக்கப்பட்டது என்பதும், 2003 முதல் இருபது டொலர்த் தாளிற் பின்னணி வர்ணம் ஒன்று இவற்றுக்கு முற்பட அச்சிடப்பட்டு வருகின்றது என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன.

இவ்வொழுங்கினை மனங்கொள்ளல் இன்றியமையாதது. பின்பக்கம், முன்பக்கம், முத்திரையும் இலக்கமும், வெட்டு என்னும் நான்கு படிகளும் தொல்லியலாளன் அகழும் மண்ணடுக்குகள் போன்றவை. கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. ஒரு தாளிற் காணப்படும் வழக்கத்துக்கு மாறான கூறு எதுவாயினும், அது இப்படிகளுள் எவற்றுக்கு இடையில் நிகழ்ந்தது எனக் காட்ட இயலுமாயின் அது பிழை. எல்லாப் படிகளும் முடிந்த பின்னரே அது நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனத் தோன்றுமாயின் அது சிதைவு. ஆகவே, "இத்தாள் எவ்வளவு விசித்திரமானது?" என்பதன்று வினா, "இம்மாற்றம் எப்பொழுது நிகழ்ந்தது?" என்பதே வினாவாகும்.

ஒட்டுச்சீட்டுத் தாள்

மேற்கூறிய நெறியினை மிகத் தெளிவாக விளக்குவது 1996ஆம் ஆண்டுத் தொடரைச் சேர்ந்த ஓர் இருபது டொலர்த் தாளாகும். அதன் முன்பக்கத்தில், வாழைப்பழங்களில் ஒட்டப்படும் டெல் மொன்ரே என்னும் வணிகப் பெயருடைய சிறிய ஒட்டுச்சீட்டொன்று காணப்படுகின்றது. 2004ஆம் ஆண்டளவில் ஒஹாயோ மாநிலத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கையிற் சாதாரணப் பணமாக வந்து சேர்ந்த அத்தாள், இணைய ஏலத்தில் ஏறத்தாழ 10,000 டொலருக்கு விலைபோயிற்று. 2006இல் 25,300 டொலருக்கும், 2021இல் 396,000 டொலருக்கும் ஏலம் போயிற்று.

பணத்தாளில் ஒட்டுச்சீட்டை ஒட்டுவது எவர்க்கும் எளிது. அங்ஙனமாயின் இத்தாளுக்கு மட்டும் இத்துணை மதிப்பு ஏன்? காரணம் ஒன்றே. கருவூலத்தின் பச்சை முத்திரையினதும் தொடரிலக்கத்தினதும் பகுதிகள் அவ்வொட்டுச்சீட்டின் மேலே அச்சாகியுள்ளன. முன்பக்கச் சித்திரமோ அதன் கீழே மறைந்துள்ளது. எனவே ஒட்டுச்சீட்டு வந்து வீழ்ந்தது இரண்டாம் படிக்குப் பின்னரும் மூன்றாம் படிக்கு முன்னரும் ஆகும். அவ்விடைவேளையில் அத்தாள் டெக்சாஸ் மாநிலத்துப் போட் வேர்த் நகரில் உள்ள அரச அச்சகத்தின் சுவர்களுக்குள்ளேதான் இருந்தது. அச்சீட்டு அங்கு தற்செயலாக வீழ்ந்ததா, பணியாளர் எவரேனும் விளையாட்டாக ஒட்டியதா என்பதைத் தாள் சொல்லாது; ஆனால் அது நிகழ்ந்த காலத்தையும் இடத்தையும் ஐயமின்றிச் சொல்லிவிடுகின்றது. முத்திரை மட்டும் சீட்டின் கீழே இருந்திருப்பின், இருபது டொலர்த் தாளில் எவரோ ஒட்டிய குப்பை என்பதற்கு மேல் அதற்குப் பெறுமதி இல்லை. மேல் கீழ் என்னும் வரிசையே இங்கு சான்றாகின்றது.

பிழைகளின் அடையாளம்

ஏனைய பிழைவகைகளையும் இதே நெறியால் ஆராயலாம். அவற்றுள் முக்கியமான நான்கினை இங்கு நோக்குவோம்.

முதலாவது மடிப்புப் பிழை. அச்சிடும் வேளையில் விரிப்பின் ஒரு பகுதி மடிந்திருப்பின் மடிப்பின் உட்புறம் மையைப் பெறாது. பின்னர் அதனை விரிக்கும்பொழுது சித்திரத்தின் நடுவே கூரிய விளிம்புடைய வெள்ளைக் கீற்றுத் தோன்றும். பழைய தாளில் மடிப்பு நைந்தமையாலும் வெள்ளைக் கோடு தோன்றுவதுண்டு. இரண்டினையும் பிரித்தறிய அளவுகோல் ஒன்றே போதும். மடிந்த நிலையில் வெட்டப்பட்ட தாளை விரித்தால் அது உரிய அளவினை விஞ்சி நிற்கும். நைந்த தாள் ஒருபோதும் நீளாது. அன்றியும் நைந்த கோட்டிலே தாளின் நார்கள் அறுந்து பஞ்சுபோற் கிளம்பியிருக்கும். மையின் விளிம்பும் மங்கித் தேய்ந்திருக்கும். மடிப்புப் பிழையிலோ வெள்ளைப் பரப்பின் நார்கள் புதிய தாளின் நார்கள் போன்றே இருக்கும். மூலை மடிந்த நிலையில் இலக்கம் அடிக்கப்பட்டிருப்பின், முன்பக்கத்தில் விடுபட்ட இலக்கத்துண்டு பின்பக்கத்தில் ஏறியிருக்கும். விடுபட்ட பகுதியும் ஏறிய பகுதியும் கணக்கிற் சமமாதல் வேண்டும். மடிந்த மூலை வெட்டுக்குத் தப்பி, விரித்தபொழுது மேலதிகத் தாளாக நீண்டு நிற்பதும் உண்டு. சிதைவு தாளைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது என்பதைப் பொதுவிதியாகக் கொள்ளலாம்.

இரண்டாவது எதிர்ப்படிவப் பிழை. அச்சியந்திரத்தினுள் விரிப்பொன்று வரத் தவறினால், தகட்டின் மை அதற்கு எதிரேயுள்ள அழுத்தும் உருளையிற் படியும். அடுத்து வரும் விரிப்பு ஒரு பக்கத்தில் நேரான சித்திரத்தையும் மறுபக்கத்தில் அதன் எதிர்ப்படிவத்தையும் பெறும். அடுத்தடுத்து வரும் விரிப்புகளில் அப்படிவம் படிப்படியாக மங்கும். இவ்வகைத் தாளில் எதிர்ப்படிவம் முழு அளவினதாகவும், மறுபக்கத்து நேர்ச்சித்திரத்தோடு பொருந்தும் இடத்திலும் அமைந்திருக்கும். ஈரமான தாளொன்று பணப்பையில் மடிந்து கிடந்து தன் மையைத் தன்மீதே ஏற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் அவ்வாறு ஏறிய படிவம் மடிப்புக் கோட்டினை நடுவாகக் கொண்டு இருபுறமும் ஒத்திருக்கும். அக்கோட்டிலே தாளை மீண்டும் மடித்துப் பார்த்தால் மை தோன்றிய இடமும் படிந்த இடமும் ஒன்றையொன்று தொடுவதைக் காணலாம்.

மூன்றாவது விடுபட்ட முத்திரையும் இலக்கமும். மூன்றாம் படிக்கு உட்படாது தப்பிய தாளில் அவை இரா. எளிதிற் போலியாகச் செய்யத்தக்க வகையும் இதுவே. ஆயினும் அடிக்கப்பட்ட எழுத்துரு தாளில் அழுத்தச் சுவட்டினை விட்டுச் செல்லும். மையை நீக்கினாலும் அச்சுவடு எளிதில் நீங்காது. ஒளியைத் தாளின் பக்கவாட்டிற் சாய்வாகச் செலுத்திப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் மறைந்த இலக்கத்தின் பள்ளம் நிழலாகத் தெரிவதுண்டு. சுரண்டப்பட்ட இடத்தின் நார்கள் கலைந்து, அவ்விடம் ஒளியை ஊடுருவவிடும் அளவுக்கு மெலிந்திருக்கும். மேலும், நாணயத்தாள் கழியூதாக் கதிரின்கீழ் மங்கலாகவே தோன்றுமாறு செய்யப்படுகின்றது. சலவைத் தூளிலுள்ள வெளுப்பூட்டும் பொருள் அதனைத் தொட்டிருப்பின் தாள் நீலவொளியுடன் பளிச்சிடும். அத்தகைய தாளில் மை இன்மைக்கு அச்சகத்தைப் பொறுப்பாக்குதல் பொருந்தாது.

நான்காவது வெட்டுப் பிழை. விரிப்பு ஒரு புறமாக விலகி வெட்டப்படின், ஒரு தாளில் அயற்றாளின் விளிம்பும் சேர்ந்து வரும். எனினும் 1981 முதல் செதுக்கல் அச்சிடற் பணியகம் வெட்டப்படாத விரிப்புகளைச் சேகரிப்போர்க்கு நேரடியாக விற்று வருகின்றது. அவற்றை வாங்கி வேண்டியவாறு கோணலாக வெட்டிப் பிழைத்தாள் என விற்றல் எவர்க்கும் இயல்வதாயிற்று. சுற்றோட்டத்துக்கு விடப்படும் எண்வரிசைக்கு மேற்பட்ட உயர்ந்த இலக்கங்கள் இவ்விரிப்புகளுக்கு ஒதுக்கப்படுவதால், தொடரிலக்கத்தை நோக்கியே இவ்வேமாற்றினைப் பெரும்பாலும் வெளிப்படுத்தலாம். கத்தரிக்கோலின் வெட்டு, யந்திர வெட்டுப் போல் நேர்த்தியாக அமையாது என்பதும் துணைச் சான்றாகும்.

நிறம் பற்றிய எச்சரிக்கை

நிறமாற்றம் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். பச்சை முத்திரை மஞ்சளாகவோ நீலமாகவோ தோன்றும் தாள்கள் அரிய பிழைகளாக அடிக்கடி முன்வைக்கப்படுகின்றன. பச்சை மை சில இரசாயனங்களால் அவ்வாறே நிறம் மாறக்கூடியது. மாற்றம் முத்திரையோடு நில்லாது தொடரிலக்கத்தையும் சூழவுள்ள தாளையும் சீரற்று பாதித்திருப்பின் அது மருந்தின் வேலை என ஐயுறலாம்.

ஆயினும் மஞ்சள் முத்திரையெல்லாம் பொய் என்று துணிதலும் தவறாகும். 1942இல் வட ஆபிரிக்காவிற் போரிட்ட அமெரிக்கப் படையினர்க்கெனத் தனித் தாள்கள் மஞ்சள் முத்திரையுடன் வெளியிடப்பட்டன. அத்தாள்கள் பகைவர் கையில் வீழ்ந்தால் அவற்றை மட்டும் செல்லாதவையாக்குதல் கூடும் என்பதே அதன் நோக்கம். அதே ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்கெனப் பழுப்பு முத்திரையும் தீவின் பெயரும் பொறித்த தாள்கள் வெளியாயின. இவை பிழையுமல்ல, சிதைவுமல்ல, அரசின் திட்டம். ஆகவே பிழை, சிதைவு என்னும் இரண்டுக்கும் முன்னர், "இது கருதிச் செய்யப்பட்டதா?" என்னும் வினாவினை எழுப்புதல் ஆராய்வோன் கடனாகும். அதற்கு விடை தாளில் இல்லை, வரலாற்றில் உண்டு.

இதற்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு 1861இல் வெளியான அமெரிக்கக் கேள்வித்தாள்களாகும். அவற்றிற் கருவூல அலுவலர்களின் சார்பாக எழுதுநர்கள் கையாலேயே ஒப்பமிட்டனர். தொடக்கத்தில் வெளியானவற்றில் 'சார்பாக' என்னும் பொருள்தரும் சொற்களையும் அவர்களே மையால் எழுதவேண்டியிருந்தது. பின்னர் அச்சொற்கள் தகட்டிலேயே செதுக்கப்பட்டன. வரலாறறியாதவன் அக்கையெழுத்தைப் பிற்காலத்தவர் கிறுக்கியதெனக் கருதி ஒதுக்கக்கூடும். உண்மையில் அதுவே அத்தாளின் தொன்மைக்குச் சான்றாகும்.

சிதைவும் சான்றே

இதுகாறும் கூறியவற்றாற் பிழை உயர்ந்தது, சிதைவு பயனற்றது என்னும் எண்ணம் எழுதல் கூடாது. சேகரிப்போர் சந்தையில் அது உண்மையாகலாம், வரலாற்றில் அவ்வாறன்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் பிரித்தானியாவிற் பெரிய தாள்களை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த செய்தி கிடைத்த பின்னரே மறுபாதியைத் தபாலில் அனுப்பும் வழக்கம் இருந்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தோன்றிய இந்திய அரசின் தாள்களும் அவ்வாறே வெட்டி அனுப்பப்பட்டன. நடுவே வெட்டுண்டு மீண்டும் ஒட்டப்பட்ட தாளைக் கண்டு முகஞ் சுளிப்பவன், வழிப்பறிக்கு அஞ்சிய ஒரு வணிகச் சமூகத்தின் நேரடிச் சான்றினை இழந்துவிடுகின்றான்.

நமது நாட்டிலும் இதற்கொப்பான ஒன்றுண்டு. உலோகம் அரிதாகிய போர்க்காலத்தில், 1942இல், இலங்கை அரசாங்கம் ஐந்து சதத் தாளொன்றை வெளியிட்டது. அஞ்சல் முத்திரை போன்ற தோற்றமுடைய இரு பகுதிகள் அதில் அருகருகே அமைந்திருந்தன. ஒன்று இரண்டு சதம், மற்றது மூன்று சதம். நடுவிலிட்ட துளைவரிசை வழியே கிழித்து அவற்றைத் தனித்தனியே பயன்படுத்தலாம். இன்று அதன் ஒரு பாதி மட்டும் கிடைக்குமாயின் அதனை என்னென்பது? கிழிந்தது உண்மை, எனினும் அரசே கிழிக்கத் தந்தது அது. எவரோ ஒருவர் இரண்டு சதத்துக்கு ஏதோ வாங்கிய செயலின் தடம் அக்கிழிவிலே பதிந்துள்ளது. முழுத்தாள் அரசின் ஏற்பாட்டைக் கூறும். பாதித்தாள் அவ்வேற்பாட்டினை மக்கள் ஏற்றுக்கொண்டதைக் கூறும்.

வேண்டுமென்றே செய்யும் சிதைவின் நிலை வேறு. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயவிதிச் சட்டம் நாணயத்தாளை வெட்டுதலையும் உருச்சிதைத்தலையும் குற்றமாக்கியது. அச்சட்டத்தின் இடத்தை 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம் பெற்றது. போலிப் பிழையைச் செய்பவன் சட்டத்தை மட்டும் மீறவில்லை. அவன் ஒரு தாளின் சான்றையும் அழித்து, நிகழாத ஒரு நிகழ்ச்சியை அச்சகத்தின் வரலாற்றிலே புகுத்தவும் செய்கின்றான். போலிச் செப்பேடு எழுதியவனுக்கும் அவனுக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை.

முடிவுரை

அச்சகங்கள் தம் பிழைகளை வெளிவிட விரும்புவதில்லை. அமெரிக்காவில் 1910 முதல், பழுதுபட்ட தாளை நீக்கி அதற்கீடாக உடுக்குறியிட்ட மாற்றுத்தாளை வைக்கும் முறை நிலவுகின்றது. அத்தனை காவலையும் கடந்து வெளிப்போந்த பிழைத்தாள், மூடிய கதவுகளுக்குப் பின்னே நடைபெறும் ஒரு தொழிலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரிய சாட்சி. அதன் மதிப்பு அரிதாக இருத்தலில் மட்டும் இல்லை. பொய்யாச் சாட்சியாக இருத்தலில் உள்ளது.

எனவே ஐயத்துக்கிடமான தாளொன்றினைக் காண்போன் வியப்பினை ஒதுக்கிவைத்து, கருதிச் செய்யப்பட்டதா, எந்தப் படியில் நிகழ்ந்தது, அதன் பின் வந்த படி அதற்குச் சான்று பகர்கின்றதா என்னும் மூன்று வினாக்களையும் வரிசையாக எழுப்புதல் வேண்டும். மூன்றாம் வினாவுக்கு விடை கிடையாதவிடத்து அதனைப் பிழையென்று அறுதியிடாது விடுவதே முறை. விற்போனுக்கு அது இழப்பாகலாம். உண்மையை நாடும் வரலாற்று மாணவனுக்கு அதனால் இழப்பேதும் இல்லை.